சீசன் முடியட்டும்

மருமகள் அந்த வளையத்தின் மணிகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அதை மலர்வளையம் என்று சொல்வதும் தப்பு. அத்தை முப்பது வருடம் பரிசுப் பொருள் சுற்றிக்கொடுத்த கடையிலிருந்து, அவள் சாவுக்கென்று, வாசல் கதவில் மாட்டும் கிறிஸ்துமஸ் வளையத்தை அனுப்பியிருந்தார்கள். டிசம்பர் இருபத்து நாலாம் தேதி அவர்கள் கைக்கு வேறு வளையம் அகப்படவில்லை போலும். பிளாஸ்டிக் இலை, சிவப்புப் பழம், பன்னிரண்டு மணி. ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் சாய்த்துவைத்ததிலிருந்து, யார் நடந்தாலும் அது கலகலவென்று சிரித்தது. ரிப்பனில் தங்க எழுத்தில் ‘விழாக்கால வாழ்த்துகள்’.

“விடேன். ஆசையா அனுப்பியிருக்காங்க” என்றாள் நாத்தனார்.

“அனுப்பட்டும் அண்ணி. மணி மட்டும் வேணாம்.”

நவம்பர் பிறந்தால் அத்தைக்கு வீடு மறந்துவிடும். மகளின் பல்வலி, கணவரின் கண் ஆபரேஷன், தன் சொந்தக் காய்ச்சல், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “சீசன் முடியட்டும்.” கடையின் முகப்பில் அடுக்கிவைக்கும் காலிப் பெட்டிகளைத்தான் ரொம்ப நேர்த்தியாகச் சுற்றச் சொல்வார்களாம். ஒரு வருடம், பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாளாம்: “இனிமே இந்த வீட்டுல கிறிஸ்துமஸ் கிடையாது. கர்த்தர் பிறந்தது மட்டும்தான் உண்டு.”

அன்றிலிருந்து மரம் இல்லை, கேக் இல்லை, புதுத்துணி இல்லை. காலையில் ஆலயம், வந்ததும் முந்தின நாள் மிச்சம், பிறகு தூக்கம். டிசம்பரில் தபால்காரருக்கே அது ‘ஸ்டார் இல்லாத வீடு’. கருமி என்று தெரு சொன்னது. ஆமாம் என்று ஒப்புக்கொண்டு அத்தை வாசல் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தாள், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

மருமகளோ பண்டிகை என்றால் உயிரை விடுகிற குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமான முதல் வருடம் அழுதாள். அடுத்த வருடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மூன்றாம் வருடம் துணி அலமாரிக்குள் திருட்டுத்தனமாக ஒரு ஸ்டாரை எரியவிட்டாள். அத்தை திறந்து பார்த்தாள். “ஒயர தள்ளிப் போடு, துணி பத்திக்கும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று விடியற்காலையில் அத்தையின் மூச்சு நின்றது. நாளை ஆராதனை முடிந்து பத்து மணிக்கு அடக்கம் செய்யலாம், இல்லையென்றால் இருபத்தேழுதான் என்று போதகர் சொல்லி அனுப்பியிருந்தார். நாத்தனார் இருபத்தேழு என்றாள். பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று, பண்டிகையன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஃப்ரீசர்காரரும் அதுவரை தாங்கும் என்றார், ஐஸ்கிரீமுக்கு உத்தரவாதம் கொடுப்பவரைப்போல. மருமகளின் கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் மனைவியும் பேசும்போது அவர் பார்க்கிற இடம் அதுதான்.

“நாளைக்கே எடுத்துடலாம்” என்றாள் மருமகள்.

“வருஷா வருஷம் ஸ்டார் வேணும்னு மூக்கச் சிந்தினவ நீதானே?”

“ஆமா, சண்டை போட்டேன். அவங்க இருந்தப்போ. இப்போ எந்திரிச்சு பதில் சொல்லமாட்டாங்கன்னு தெரிஞ்சு ஜெயிக்கணுமா?”

“அப்படி என்ன அவசரம் உனக்கு? சீசன் முடியட்டும், அப்புறம்…”

நாத்தனார் அதோடு நின்றுவிட்டாள். கணவர் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி அக்காவைப் பார்த்தார். அவள் குனிந்து, பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“எத்தனை மணின்னாரு?”

“பத்து.”

“பசங்களோட ஒன்பதுக்கே வந்துடறேன்.”

மறுநாள் தெரு முழுக்க ஒலிபெருக்கிப் பாட்டு. பெட்டி கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரர் மருமகளை ஓரங்கட்டி, நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் செய்யலாமா, ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமே என்றார்.

“நல்ல நாள்னுதான்” என்றாள் அவள், நடையை நிறுத்தாமல்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் கடைச் சீருடையில் ஆறு பெண்கள் நின்றிருந்தார்கள். அத்தையோடு பரிசு சுற்றியவர்கள். கடை இன்றும் மதியம் வரை உண்டு. கடைசி நேரத்து ஆட்கள் வரிசையில் அடித்துக்கொள்ளும் காலை இது. எப்படி விட்டார்கள் என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

“யாரும் விடல” என்றாள் அவர்களில் மூத்தவள். “கவுன்டர மூடிட்டு வந்துட்டோம்.”

மண் போடும்போது அவர்கள் வரிசையாக வந்தார்கள். சட்டென்று எடுத்து ஒட்ட வசதியாக இடது புறங்கையில் வெட்டி ஒட்டிவைத்திருந்த டேப் துண்டுகளை உரித்துப்போட ஆறு பேருக்கும் நேரமில்லை. பாதி ஒட்டியும் பாதி நீட்டிக்கொண்டும் இருந்தன. ஒவ்வொருத்தியும் இரு கையாலும் அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தாள். குழிக்குள் விழாத கொஞ்சம் மண் அந்த டேப்பில் ஒட்டிக்கொண்டு அவர்களோடு கடைக்குப் போயிற்று.