நடுக்கணுக்கள்

தோளை அழுத்தினால் கால் எழுந்தது. காலை அழுத்தினால் தலை எழுந்தது. உயிரியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பரசுராமன், செத்த பிறகும் மகன் பேச்சைக் கேட்பதாக இல்லை. ரகுபதி டெரிலின் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இன்னொரு முறை முயன்றான். கிழவர் தொட்டில்போல ஆடிப் பழைய வளைவிலேயே வந்து நின்றார்.

வெட்டியான் சின்னப்பையன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வுடு சாமி. கட்டையில வெச்சப்புறம் நான் பாத்துக்கறேன். அது என் வேல."

"அங்க இல்ல. இங்கயே ஆவணும். வாலாஜாபாத்துக்காரங்க வர்றதுக்குள்ள."

வாலாஜாபாத்துக்காரர்கள் என்றால், தங்கை கங்காவுக்கு நிச்சயம் ஆகியிருக்கும் மாப்பிள்ளை வீட்டார். பெண்ணின் தகப்பனுக்குக் கூன் என்பது அவர்களுக்குத் தெரியாது. நிச்சயதார்த்தத்தன்று ரகுபதி அவரை நாற்காலியில் சாய்த்து, கழுத்துவரை சால்வை போர்த்தி, இழுப்பு நோய் என்று சமாளித்துவிட்டான். அவருடைய அப்பாவும் இப்படியே வளைந்துபோய்த்தான் செத்தார் என்பதை மூச்சுவிடவில்லை. வம்சத்து வியாதி என்று தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்? முன்பு வந்தவர்கள் எல்லாம் அப்பாவைப் பார்த்ததும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனவர்கள்தான். கங்காவுக்கும் வயது ஏறிக்கொண்டே போனது.

கங்கா அலமாரியில் சாய்ந்து நின்றாள். அப்பாவின் கல் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. எப்போதோ பாறை ஆராய்ச்சிக்கென்று மண்ணூருக்கு வந்து இந்த வீட்டில் தங்கிய ஒருவர், இமயமலைப் பக்கம் ஸ்பிதியில் எடுத்தது என்று கொடுத்துவிட்டுப் போனது. செங்கல் அளவுதான், ஆனால் அம்மிக் குழவியின் கனம். அதன்மேல் புடைத்துக்கொண்டு ஒரு டிரைலோபைட். மனிதன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு கடலடியில் ஊர்ந்து, பூண்டோடு அழிந்துபோன பிராணி.

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை, கிணற்றடியில் குனிந்த கங்கா நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா பார்த்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு, கல்லை மடியில் வைத்துக்கொண்டு, மேலே விரலை ஓட்டினார். நீளவாக்கில் மூன்று பாகம், நடுவில் மேடு, இருபக்கமும் விலாபோலச் சரிவு. குறுக்கே தலை, உடல், வால். தலை முழுக்க ஒரே ஓடு, வாலும் ஒரே ஓடு. நடு உடம்பு மட்டும் தனித்தனிக் கணு. ஆபத்து வந்தால் தலையை வாலோடு சேர்த்துச் சுருண்டுகொள்ளும், போனதும் நிமிர்ந்துகொள்ளும்.

"நிமிர்றதுக்குத்தான் கணு. எனக்கு எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிச்சும்மா" என்றார். பிறகு அவள் இடுப்புக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். அங்கேயும் இறுக்கம் தொடங்கியிருந்தது.

அதை அவரும் யாரிடமும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அண்ணா, அப்பா முதுகு மடிஞ்சிக்கினு இல்ல. எலும்பே ஒட்டிக்கினு கீது. ஒடைஞ்சாத்தான் நிமிரும்" என்றாள் கங்கா.

"தெரியும். யாருக்காவ பண்றேன்? எனக்கா?"

இந்தக் கல்யாணம் அவளுக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பவே வேண்டும்.

"காலப் புடி" என்றான் ரகுபதி.

பிடித்தாள். அப்பாவின் பாதம் ஜில்லென்றிருந்தது. சின்னப்பையன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். "பொறுத்துக்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுக் கிழவரின் மார்பில் முழங்காலை ஊன்றினான். ரகுபதி தோள்களை அழுத்தினான். காய்ந்த தென்னமட்டை ஒடிவதுபோல் ஒரு சத்தம் வந்தது, அதற்குக் கீழே இன்னொன்று. கங்காவின் கைக்குள் கால்கள் ஒருமுறை துள்ளி அடங்கின.

அப்படியும் மார்பு மெல்லத் தூக்கிக்கொண்டு வந்தது. மேலே பாரம் வைக்க ரகுபதி சுற்றுமுற்றும் பார்த்தான். கைக்கெட்டியது அலமாரிக் கல்தான். அதை எடுத்து, பிராணி அடியில் இருக்கும்படி மார்பின்மேல் கவிழ்த்தான்.

பஸ் வந்துவிட்டது என்று தெருவில் குரல் கேட்டதும்தான் கல்லை எடுத்தார்கள். உடம்பு எழவில்லை. மார்பில் பள்ளமாக அந்த உருவம் பதிந்திருந்தது. நடுவில் ஒரு பள்ளம், இருபக்கமும் விலாக்கள், கணுக்கணுவாய். உயிருள்ள தோலாக இருந்தால் மீண்டிருக்கும். கல்லில் ஓடுதான் நிற்கும், அடியிலிருந்த காலும் செவுளும் பெரும்பாலும் அழுகிப்போய்விடும் என்று அப்பா சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. கோடி வேட்டியைக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

மாப்பிள்ளையின் அம்மா சுந்தராம்பாள் மாலையைப் போட்டுவிட்டு, தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா நெட்டையா, நேரா கீறாரே மனுஷன். பொண்ணுக்கும் அந்த ஒசரம்தான்."

ரகுபதி அப்போதுதான் அழுதான். ஊர் முழுக்க அவன் அழுகையைப் பார்த்துப் பெருமைப்பட்டது.

கங்கா மண்டியிட்டு வாய்க்கரிசி போட்டாள். பாதி தரையில் கொட்டியது. தூக்கலாம் என்று யாரோ சொல்ல, பெண்கள் எல்லாரும் எழுந்தார்கள். அவள் மட்டும் எழவில்லை.

"எழுந்திரும்மா" என்று சுந்தராம்பாள் கையை நீட்டினாள்.

ரகுபதி அழுகையை நிறுத்திவிட்டுத் தங்கையின் முதுகையே பார்த்தான். கங்கா குனிந்தபடியே, சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.