டர்போ டொக்டரும் இரண்டு பிளக்கும்

கொட்டாஞ்சேனையில் கிளறன்சை "பாஸ்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். மற்ற மெக்கானிக்மாருக்கு அந்தப் பெயர் போதும். இவர் டொக்டர். கராஜ் வாசலில் "கிளறன்ஸ் டர்போ கிளினிக்" என்று ஆள் உயரத்துக்குப் பலகை. உடம்பில் வெள்ளைக் கோட்டு. சுவரில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு ஒரு சாண் மேலே, இரத்மலானையில் இரண்டு நாள் நடந்த டர்போ பயிற்சியின் சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் மினுங்கும். இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு அவர் வீட்டுக்கு வந்துவிட்டதைப் பற்றிச் சான்றிதழில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எதிர்க் கராஜ் ஹியூபேட் மட்டும் அவரைக் "கம்பவுண்டர்" என்பான். அவனுக்குப் பொறாமை என்பது டொக்டரின் கண்டுபிடிப்பு.

அந்த ஞாயிறு விடியத் தொடக்கம் டொக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூசைக்குப் போனவர் பிரசங்கத்தின் நடுவில் எழும்பி வெளியே வந்தார். வெளியே நின்றவர் திரும்ப உள்ளே போனார். மூன்றாம் தரமும் எழும்பியபோது மனைவி செலீன் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"என்னப்பா, வயித்தால போகுதோ?"

"வயிறில்லை. பிளக்."

"கோயிலுக்குள்ள என்ன பிளக்?"

"வெள்ளவத்தைப் பிளக்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

விஷயம் வெள்ளிக்கிழமை தொடங்கியது. வெள்ளவத்தைத் தில்லைநாதன் தன்னுடைய காரைக் கொண்டுவந்திருந்தார். அரசாங்கத் திணைக்களமொன்றில் பணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கதிரையைத்தான் திணைக்களம் திருப்பி எடுத்தது, குரலை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கார் ஜப்பானில் இருந்து இறக்கினது. ஆயிரம் சி.சி., மூன்று சிலிண்டர், ஆனால் டர்போ. மீன்காரனோடு பேரம் பேசும்போதும் அந்த டர்போவை எப்படியாவது நடுவில் செருகிவிடுவார்.

மூன்று சிலிண்டருக்கும் மூன்று புதுப் பிளக் போடவேண்டும். அரை மணித்தியால வேலை. ஆனால் இப்படி ஒரு பெரிய மனிதர் கதிரையில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, "ஏன் ஐசே, பிளக்கில என்ன அப்பிடிப் பெரிய விஷயம்?" என்று கேட்டால் ஒரு டொக்டர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யலாமா?

"சேர், டர்போ என்ன செய்யுது? காத்தை அமத்தி உள்ள தள்ளுது. இந்தப் பிளக்கின்ர நடு முனைக்கும் வளைஞ்ச முனைக்கும் நடுவில இருக்கிற கேப்புக்குள்ளதான் பொறி பாயவேணும். அமந்த காத்துக்குள்ள பொறி பாயிறது லேசுப்பட்ட வேலையில்லை. சாதாரண காருக்கு ஒண்டு தசம் ஒண்டு மில்லிமீற்றர் கேப் விட்டாலும் பாயும். டர்போவுக்கு அப்பிடி விட்டால், மெழுகுதிரியை ஊதினமாதிரி அணைஞ்சு போகும். கார் விக்கும், உதைக்கும். உங்கட காருக்குத் தசம் ஏழு. இந்தப் பிளக் ரெண்டு சாதிக் காருக்கும் வாறது, பெட்டியில கேப் பெரிசு. பெட்டியில வந்தபடி பூட்டிறவன் மெக்கானிக் இல்லை சேர், சுவர் கட்டிற மேசன்."

தில்லைநாதன் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர்போலத் தலையாட்டினார். டொக்டருக்கு உற்சாகம் ஏறியது. முதல் பிளக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கம்பி அளவுகோலை இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தார். நடு முனையில் படாமல், வளைந்த முனையை மட்டும் மெல்லத் தட்டி அமர்த்தினார். திரும்ப அளந்தார். தில்லைநாதனையும் ஒருக்கால் அளக்கவிட்டார். இரிடியம் என்ற உலோகத்தின் பெருமையைச் சொன்னார். இரத்மலானையைச் சொன்னார். அப்போதுதான் தில்லைநாதனின் போன் அடித்தது. மனைவி நாகேஸ்வரி.

"பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது. அதுக்கு முதல் கார் அங்கயிருந்து வெளிக்கிடவேணும். கலியாணக் காரெல்லோ! பிறகு எடுத்தியளெண்டால் வீட்டுக்குள்ள விடமாட்டன், சொல்லிப்போட்டன்."

பத்தரைக்குக் கால் மணித்தியாலம்கூட இல்லை. ஒரு பிளக் முடிந்திருந்தது. மற்ற இரண்டும் பெட்டிக்குள் இருந்தன. கிளறன்சுக்கு ராகுகாலம் கிடையாது, ஆனால் வாடிக்கையாளருக்கு உண்டு. "மற்ற ரெண்டுக்கும் கேப் வைக்கேல்லை, மத்தியானம் வாங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், இவ்வளவு நேரமும் என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். டொக்டர் இரண்டு பிளக்கையும் பெட்டியில் வந்தபடியே முறுக்கிப் பூட்டி, மூடியைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"முடிஞ்சுது சேர். நூற்றுக்கு நூறு."

காலி வீதி நெரிசலில் டர்போவுக்கு என்ன வேலை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தினார். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நடுவில் மிதிக்க ஆருக்கு இடம் கிடைக்கிறது? அடுத்த கிழமை வேறேதும் சாட்டில் கூப்பிட்டுச் சரிசெய்யலாம். கார் தெருவில் இறங்கும்போது தில்லைநாதன் தலையை நீட்டினார்.

"ஞாயிறு என்ர மருமகளின்ர கலியாணம், ஐசே. நான் தாய்மாமன். ஹெந்தளையில இருந்து மாப்பிள்ளையை இதிலதான் கூட்டிவாறன். கனடாவில இஞ்சினியர். களனிப் பாலத்தில ஏறேக்க ஒரு மிதி மிதிச்சுக் காட்டிறன். உம்மட பேரும் சொல்லுவன்!"

அந்தக் கடைசி வசனம்தான் டொக்டரைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை போன் எடுத்தார். "சேர், ஒரு சின்ன செக்கப், சும்மா, காசில்லாமல்." தில்லைநாதன் மறுத்துவிட்டார். கார் கழுவி, கோயிலில் பூசை செய்து, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்றாம்.

ஆகவேதான் ஞாயிறு பூசையைப் பாதியில் விட்டவர், கோட்டுப் பைக்குள் பிளக் சாவியையும் கம்பி அளவுகோலையும் போட்டுக்கொண்டு, திறீவீலரில் வெள்ளவத்தைக்குப் பறந்தார். வழியெல்லாம் முன்னுக்குச் சாய்ந்தபடி, "மல்லி, இக்மனட்ட, இக்மனட்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்திச் சாரதியின் முதுகை அரித்தார். காரைத் தனியாகப் பத்து நிமிஷம் பிடித்துவிட்டால் போதும்.

கார் ஒழுங்கை முகப்பில் மணமகளைவிடக் கூடுதலாகச் சோடித்து நின்றது. பொனற்றின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இரண்டு சிவப்பு றிபன், மேலே மல்லிகை வளையம்.

"பொனற்றை ஒருக்காத் திறக்கவேணும், அம்மா," என்றார் நாகேஸ்வரியிடம்.

"றிபனை அவிழ்க்கிறதோ?"

"அவிழ்க்கத் தேவையில்லை. நடுவில ஒரு சின்ன வெட்டு..."

"கலியாணக் காரின்ர றிபனை வெட்டிறதோ! நல்ல நாளும் அதுவுமா வாயில வாற கதையைப் பாருங்கோ!"

அதற்குள் பட்டு வேட்டியில் தில்லைநாதன் வந்துவிட்டார். டொக்டரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பாத்தியே நாகேஸ்! மற்ற ஆக்கள் காருக்கு டிறைவர் வைச்சிருப்பினம். எனக்கு டொக்டரே வந்திருக்கிறார். ஏறும் ஐசே, முன்னுக்கு ஏறும்."

ஏறாமல் என்ன செய்வது? ஹெந்தளையில் பொனற்றைத் திறக்க இடம் கிடைக்கும் என்று நினைத்தார். அங்கே மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண்ணின் பகுதியில் ஆரோ பெரிய வைத்தியர் என்று எடுத்து, பன்னீர் தெளித்து, கற்கண்டு நீட்டி, கதிரையில் இருத்தி, ஒரு கிழவர் முழங்கால் நோவைக் காட்டத் தொடங்கிவிட்டார். முழங்காலை அமர்த்திப் பார்த்தபடியே டொக்டர் யன்னலால் பொனற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது காருக்குள் ஐந்து பேர். தில்லைநாதன் ஓட்ட, பக்கத்தில் டொக்டர். பின்னால் நடுவில் தலைப்பாகையோடு மாப்பிள்ளை. ஒரு பக்கம் தோழனாக வந்த பெண்ணின் தம்பி. மறுபக்கம் தோழியான மாப்பிள்ளையின் அக்கா கௌரி, மடியில் தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டம். ஆயிரம் சி.சி.க்கு இது கடுமையான பாரம். பாரம் கூடினால் மிதி கூடும், மிதி கூடினால் டர்போ எழும்பும், டர்போ எழும்பினால்... டொக்டர் கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"சேர், மெல்லப் போவம். பூ பறந்திடும்."

"பறக்கட்டும்!"

"முகூர்த்தத்துக்கு நேரம் கிடக்கு, சேர்."

"நீர் என்ன ஐசே, டர்போ டொக்டர் எண்டு சொல்லிப்போட்டு மாட்டுவண்டிக்காரன்மாதிரிக் கதைக்கிறீர்? தம்பி, பாலம் வருது. பிடிச்சுக்கொள்ளும்!"

மிதித்தார்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் காருக்கு விக்கல் எடுத்தது. முன்னுக்கு ஒரு எத்து, பின்னுக்கு ஒரு இழுப்பு, பின்குழாயில் "படார்" என்று ஒரு வெடி. மாப்பிள்ளையின் தலைப்பாகை கூரையில் இடித்து மூக்கில் வந்து இருந்தது. தில்லைநாதன் இன்னும் அழுத்தினார். இன்னும் இரண்டு வெடி. கௌரி கூறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "முருகா, தாலி!" என்று கத்தினாள். டொக்டர் தன் கட்சி ஆண்டவரைக் கூப்பிட்டார்.

பாலத்து முடிவில் பொலிஸ்காரன் கையை நீட்டினான். "மொக்கத மாத்தயா மே சத்தே?" என்று சத்தத்துக்குக் காரணம் கேட்டான்.

தில்லைநாதனின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. பின்னால் கனடா மாப்பிள்ளை. பக்கத்தில் டொக்டர். முன்னால் சட்டம். பணிப்பாளராக முப்பது வருஷம் இருந்தவருக்கு இப்படியான இடத்தில் எந்தக் குரலில் கதைக்கவேண்டும் என்று தெரியும்.

"டர்போ!" என்றார்.

"ஆ... டர்போ," என்று பொலிஸ்காரன் மரியாதையாக வழிவிட்டான்.

தில்லைநாதன் கண்ணாடியில் மாப்பிள்ளையைப் பார்த்தார். "பாத்தீரே தம்பி, என்ன உதை! அப்பிடித்தானே, டொக்டர்?"

இப்போது சொல்லியிருக்கவேண்டும். காருக்குள் ஐந்து பேர், மற்ற நாலு பேரும் கேட்டிருப்பார்கள். கிளறன்ஸ் வாயைத் திறந்தார். "ஓம் சேர், நல்ல டர்போவெண்டால் கொஞ்சம் உதைக்கத்தான் செய்யும்," என்று வந்தது.

மாப்பிள்ளை தலைப்பாகையை நிமிர்த்தினார். அவர் கழிவுநீர்க் குழாய் இஞ்சினியர். ஆனால் ஒரு இஞ்சினியரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு முழிக்கலாமா? "எங்கட பக்கத்தில இதை ஸ்போட்ஸ் மோட் எண்டு சொல்லிறது, மாமா," என்றார்.

கலியாண மண்டபத்தில் சோற்றுப் பந்தி முடிவதற்குள் உதைக்கிற காரின் புகழ் வெள்ளவத்தை முழுக்கப் பரவிவிட்டது.

டொக்டருக்கு அது இன்னும் கரைச்சலாகப் போயிற்று. எரியாத பெற்றோல் பின்குழாய்க்குள் போய் எரிந்தால், அங்கே புகையைச் சுத்தமாக்கும் கொன்வேட்டர் கருகிவிடும். அது தெரிந்த மனிதன் எப்படி நித்திரை கொள்வது? செவ்வாய்க்கிழமை, ஒயில் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் காரை வரவழைத்தார். வாயே திறக்காமல் இரண்டு பிளக்கையும் கழற்றினார், தசம் ஏழுக்கு அமர்த்தினார், பூட்டினார், துறைமுகப் பக்க ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தார். கார் வெண்ணெயில் கத்தி போனமாதிரி ஏறியது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை தில்லைநாதன் வந்து இறங்கினார். கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் ஹியூபேட்டும் எதிர்க் கராஜிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஐசே! என்ர டர்போவைக் கழட்டினது ஆர்?"

"என்ன சேர்?"

"உதை எங்க? பக்கத்து வீட்டு இராஜநாயகத்தை இருத்தி ஹெந்தளை மட்டும் போனனான். பாலத்தில மிதிச்சன். மூச்சும் விடேல்லை! இதுவோ உங்கட டர்போ எண்டு இராஜநாயகம் சிரிக்கிறான். உண்மையைச் சொல்லும், கழட்டி ஆருக்கு வித்தனீர்?"

தெருவில் ஆட்கள் நின்றார்கள். பழக் கடைக்காரன் ஸவாஹிர் பையை விரித்துப் பிடித்தபடியே நின்றான். கம்பவுண்டர் என்றால் தாங்கலாம். கள்ளன் என்றால்? கிளறன்ஸ் தெருவுக்கே கேட்கச் சொன்னார்:

"சேர், இப்பதான் கார் சரி. அண்டைக்கு உதைச்சதுதான் பிழை. கேப் வைச்சது ஒரு பிளக்குக்குத்தான். மற்ற ரெண்டையும் பெட்டியில வந்தபடி பூட்டிப்போட்டன். என்ர பிழை. நான்தான் விட்டன்."

சொல்லி முடித்ததும் ஹியூபேட்டின் வாய் காதுவரை போயிற்று. கேட்டவர்களில் விளங்கினவன் அவன் ஒருவன்தான்.

தில்லைநாதனுக்கு விளங்கவேயில்லை என்றும் சொல்ல முடியாது. முகம் ஒருக்கால் சுருங்கி விரிந்தது. மாப்பிள்ளை, பொலிஸ்காரன், கலியாண மண்டபம், இராஜநாயகம் எல்லாரும் அந்த முகத்தில் வந்து போனார்கள். பிறகு பணிப்பாளரின் குரல் திரும்பி வந்தது.

"பிழையோ சரியோ, அதை நான் கேக்கேல்லை. எனக்கு அந்தப் பிழையைத் திருப்பி வையும்."

"வைக்க ஏலாது சேர். கொன்வேட்டர் எரிஞ்சு போகும்."

"கார் ஆரின்ர?"

"கார் உங்கட. ஆனால் கை என்ர."

இந்த ஒரு வசனத்தை மட்டும் டொக்டர் பலகையைப் பார்க்காமல், கோட்டைத் தடவாமல் சொன்னார். தில்லைநாதன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தெருவின் மறுபக்கம் திரும்பினார்.

"நீர் வைப்பீரோ?"

டர்போ காரின் பொனற்றை வாழ்க்கையில் திறந்திராத ஹியூபேட் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தான். "ஏன் ஏலாது, சேர்? எவ்வளவு பெரிசா வேணும்?"

கார் எதிர்ப்பக்கம் போயிற்று. கிளறன்ஸ் உள்ளே வந்து உட்கார்ந்தார். உடனே எழும்பினார். நெஞ்சு கொஞ்சம் லேசானமாதிரியும் இருந்தது, லேசாகாதமாதிரியும் இருந்தது. வாசலுக்கு வந்தார். ஹியூபேட் பிளக்கை மேசை இடுக்கியில் இறுக்கி, தட்டைத் திருப்புளியை நடு முனைக்கும் வளைந்த முனைக்கும் நடுவில் செருகி நெம்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்! டேய்! இரிடியமடா! முறியும்!"

தெருவை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. திறீவீலர் ஒன்று ஹோர்ன் அடித்து, சாரதி சிங்களத்தில் ஏதோ ஏசிக்கொண்டு போனான். ஹியூபேட்டின் கையைத் தட்டிவிட்டு, பிளக்கைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"நடு முனையைத் தொடக்கூடாது. வளைஞ்சதை மட்டும் இப்பிடி... மெல்ல விரிக்கவேணும்... கம்பியைத் தா."

ஹியூபேட் தாதி நீட்டுவதுபோல மரியாதையாக நீட்டினான். தில்லைநாதன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு, தலையை முன்னுக்கு நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம், ஐசே," என்றார். "இராஜநாயகத்துக்குப் பல்லு ஆடவேணும்."