கயிற்றோடு வந்த மாடு

எழுபத்து நாலில் வானம் நன்றாக ஏமாற்றிவிட்டுப் போனது. மறுவருஷம் ஐப்பசியில் ஒருவழியாகத் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் நனைந்தது. ஈரம் காய்வதற்குள் பருத்தி விதைத்தாக வேண்டும். ஒற்றை மாடு வைத்திருந்த கருத்தப்பாண்டி, இருந்த ஆடுகளை விற்றுவிட்டு, காரியாபட்டிச் சந்தையில் ஒரு மயிலைக்காளை வாங்கி ஜோடி சேர்த்தான். விற்ற அருஞ்சுனை என்பவன் பழைய கயிற்றோடே மாட்டைக் கையில் கொடுத்தான்.

மாடு விற்கிறவன் கயிற்றைத் தரமாட்டான். கயிறு போனால் தொழுவத்து லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது அந்தச் சீமையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கருத்தப்பாண்டிக்குத் தெரியாதா? ஜோடி சேர்ந்த சந்தோஷத்தில், தாராள மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன. கொண்டுபோன புதுக் கயிற்றை மாட்டுக்குக் கட்டினான். பழையதை வீட்டுக்குள் ஆணியில் தொங்கவிட்டான்.

ஏர் பூட்டுவதற்கு முந்தின நாள், இரண்டு ஊர் தள்ளியிருந்த பெத்தம்மாள் என்ற விதவை, சந்தைத் தரகரிடம் விசாரித்துக்கொண்டு நடந்தே வந்து நின்றாள்.

"தம்பி, இது என் மாடு. தீவனமில்லாம அருஞ்சுனைகிட்ட மேய்ச்சலுக்கு விட்டிருந்தேன். வித்துட்டு ஓடிட்டான்."

"நாலு பேரு பார்க்கச் சந்தையில வாங்கினேன் ஆத்தா."

"வித்தவனுக்கே சொந்தமில்லையே. அவன்கிட்ட இல்லாததை உங்களுக்கு எப்படித் தருவான்? அது போட்டிருந்த கயிறு நான் திரிச்சது தம்பி. என் பச்சைச் சேலைக் கிழிசலை ஊடே விட்டுத் திரிச்சேன்."

பச்சைத் துணி ஓடிய கயிறு உள்ளே தொங்குவது கருத்தப்பாண்டிக்கும் அவன் மனைவி ராக்கம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். வாசலில் நின்ற ராக்கம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், காட்டை விதைத்துவிடலாம். ஆனால் இவளுடைய காடும் நனைந்துதானே இருக்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதற்குமேல் அவனால் சும்மா நிற்க முடியவில்லை.

உள்ளே போய்க் கயிற்றை எடுத்து வந்தான். புதுக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பழையதைக் கட்டி அவள் கையில் கொடுத்தான்.

ராக்கம்மாள் அழுதேவிட்டாள். "கயித்தையாவது வச்சுக்கிடுங்க. தொழுவம் வெறிச்சுன்னு போயிரும்ல."

"நம்ம மாடா இருந்தாத்தான கயித்தை வச்சுக்கிடணும்" என்றான்.

மறுநாள் காலையில் நுகத்தடியின் ஒரு பக்கம் ஒற்றை மாடு நின்றது. மறுபக்கத்தைக் கருத்தப்பாண்டி தன் தோளில் வாங்கிக்கொண்டான். ராக்கம்மாள் பின்னால் போய்க் கலப்பையின் மேழியைப் பிடித்தாள்.