நீலாவதியின் பிராது

ப்ளஸ் டூவில் அறுநூற்றுக்கு முந்நூற்று அறுபத்தெட்டு. இந்த மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்குமே தெரியாது. ஃபெயிலானவளுக்காவது ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். ஸ்கூல் ஃபர்ஸ்ட் வாங்கியவளுக்கு ஃபிளக்ஸே வைத்துவிடுவார்கள். நடுவில் கிடக்கிறவளைப் பார்த்தால், "சரி, அடுத்து என்ன?" என்று ஒரு கேள்வி, அதோடு சரி. பூர்ணிமாவின் வீட்டுக்கு வந்தவர்களும் அப்படிக் கேட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அடுத்து என்ன என்பதில் அவள் அம்மா நீலாவதிக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நர்சிங். சேலத்துப் பக்கம் ஒரு காலேஜில் சீட்டு வாங்கித் தருவதாக பிரபாகரன் என்கிற அட்மிஷன் ஆள் சொல்லியிருந்தான். அப்பா பச்சமுத்து வேப்பூர் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்தால் தூங்குவதற்கே அந்த மனுஷனுக்கு நேரம் போதாது. ஆகவே அம்மா வைத்ததுதான் சட்டம்.

பூர்ணிமாவுக்கோ ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். விருத்தாசலத்திலேயே இருக்கிற செராமிக் காலேஜில் டிப்ளமோ சேர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. டைல்ஸ் கம்பெனி லேபில் வேலை கிடைக்கும் என்று கெமிஸ்ட்ரி டீச்சர் சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொன்ன அன்று நீலாவதி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள்.

"பதினாறு வருசமா பீங்கான் ஃபியூஸ் கட்டைய சூளையில அடுக்குறேன், எறக்குறேன். இருமுனா சளியோட மண்ணு வருது. நீயும் அதே மண்ணுலதான் போயி வுழுவியா? எனக்கு உசுரு இருக்கற வரைக்கும் அது நடக்காது."

"இது அடுக்குற வேல இல்லம்மா. படிப்பு."

"மண்ணு மண்ணுதான்டி."

மனிதர்களிடம் பேசித் தீராத விஷயம் என்றால் நீலாவதிக்கு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் இருக்கிறார். இந்த வட்டாரத்துக்கே அவர்தான் கோர்ட்டு. காணாமல் போன மாடு, சேர்ந்து வாழாத புருஷன், எதுவானாலும் தாளில் பிராதாக எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டால் போதும், தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்று நம்பிக்கை. நீலாவதிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் எழுதுகிற வேலை மகளுக்கு.

"எம் மவளுக்கு நர்சிங் சீட்டு கெடைக்கணும் சாமின்னு எழுது" என்றாள்.

'என் மகளுக்கு செராமிக் காலேஜில் இடம் கிடைக்க வேண்டும்' என்று எழுதினாள் பூர்ணிமா. திட்டம் போட்டுச் செய்தாளா என்றால், அதுதான் இல்லை. பேனாவைத் தாளில் வைத்ததும் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. நீலாவதி அதன் கீழே எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை மடித்து வேலில் கட்டியவளும் அவள்தான்.

நாற்பது நாள் கழித்து, டீச்சர் மூலமாகப் பூர்ணிமா அப்ளிகேஷன் போட்டிருந்த செராமிக் காலேஜிலிருந்து இடம் கிடைத்திருப்பதாக மெசேஜ் வந்தது. அதே வாரம் பிரபாகரன் போன் செய்து, சேலத்தில் சீட்டெல்லாம் முடிந்துவிட்டது என்றான். அம்மா வீட்டை இரண்டாக்கப் போகிறாள் என்று பயந்து நின்றாள் பூர்ணிமா. நீலாவதியோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "சாமி எம்மேல என்னமோ குத்தம் கண்டுட்டாரு" என்றாள்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன குற்றம், எப்போது செய்த குற்றம் என்று தனக்குள்ளேயே துருவிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் மகளையும் இழுத்துக்கொண்டு கம்மாபுரத்துக்குப் போனாள். அங்கே அவள் அக்கா அம்புஜவல்லி இருக்கிறாள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்த அப்பன் நிலத்துப் பணத்தில் தங்கைக்குப் பங்கே கிடையாது என்று ஊர் நடுவில் வைத்துச் சொன்ன புண்ணியவதி. நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நியாயம் முழுக்க நீலாவதி பக்கம். ஆனாலும் வாசலிலேயே விழுந்து, "நான் உன்ன வயிறெரிஞ்சு பேசிட்டேன்க்கா, மன்னிச்சுடு" என்று அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அம்புஜவல்லி குனிந்து தூக்கவில்லை. காலை நகர்த்தவும் இல்லை, நன்றாகக் காட்டிக்கொண்டு நின்றாள். பூர்ணிமா முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொளஞ்சியப்பர் கோயில். மறுநாள்தான் செராமிக் காலேஜில் சேரக் கடைசி நாள். அம்மாவோ அப்பாவோ வந்து கையெழுத்துப் போட வேண்டும். புதுப் பிராது கட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று நீலாவதி சொல்லிவிட்டாள். வேறு ஊரில் நர்சிங் கிடைக்காமலா போய்விடும்?

"எழுதும்மா. எங்கக்கா கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுட்டேன் சாமி. இன்னும் ஏதாவது குத்தம் இருந்தாலும் பொறுத்துக்கிட்டு, எம் மவளுக்கு ஒரு வழி காட்டுங்கன்னு எழுது."

இந்த முறையும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எது எழுதினாலும் அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்வாள். உண்மையைச் சொல்லிவிட்டால் செராமிக் காலேஜ் கைவிட்டுப் போய்விடும், அதுவும் பூர்ணிமாவுக்குத் தெரியும். பேனாவை வைத்துப் பார்த்தாள். கை ஓடவில்லை.

"அம்மா, போன தடவ நீ சொன்னத நான் எழுதல. செராமிக் காலேஜுதான் வேணும்னு எழுதிட்டேன்."

நீலாவதிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தில், பாவம், முதலில் சந்தோஷம்தான் வந்தது.

"அப்ப சாமி எம்மேல கோவப்படலியா?"

"இல்லம்மா. நீ ஒரு தப்பும் பண்ணல."

"நல்ல வேள" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் நீலாவதி. கை அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"நான் அவ கால்ல வுழுந்தப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

தாளையும் பேனாவையும் மகள் கையிலிருந்து நீலாவதி வாங்கிக்கொண்டாள். பிடுங்கக்கூட இல்லை, கடையில் சாமான் வாங்குவது மாதிரி வாங்கினாள். நாலடி தள்ளி, கண்ணாடி போட்ட ஒருவர் தன் பிராதை எழுதி முடித்து மடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனாள்.

"ஐயா, எனக்கு எழுதத் தெரியாதுங்க. ஒரு பிராது எழுதித் தரீங்களா?"

"உக்காருங்கம்மா" என்று அவர் தாளை வாங்கித் தொடையில் வைத்துக்கொண்டார். "யாரு மேல?"

நீலாவதி திரும்பிப் பார்க்கவில்லை.

"எம் மவ மேலங்க" என்றாள்.