ஆயிரம் ரூபாய்க்கு ஒரு விரற்கடை

அருப்புக்கோட்டை மேட்டுத் தெருவில் ஸ்டீபனின் வீடு, செலவு வரவைத் தாண்டிய மாதங்களில், ஆயிரம் ரூபாய்க்கு ஒரு விரற்கடை என்ற கணக்கில் மண்ணுக்குள் இறங்கியது. மிச்சம் பிடித்த மாதங்களில் அதே கணக்கில் மேலே ஏறியது. இரண்டும் மாதத்தின் கடைசித் தேதி, விளக்குப் போடும் நேரத்தில் நடந்தன. முதல் தடவை இறங்கியது 2023ஆம் ஆண்டு ஜூன் முப்பதாம் தேதி. மகள் ஷெரினுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிய மாதம் அது. அடுப்பிலிருந்த பால் லேசாகத் தளும்பியது, அவ்வளவுதான். மறுநாள் வாசல் பெருக்கும்போதுதான், நான்கு படிகளில் அடிப்படி ஒன்றரை விரல் குட்டையாகியிருந்ததை ஸ்டீபனின் மனைவி இன்பராணி பார்த்தாள்.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து படியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கரிசல் மண் என்று எழுதிக்கொண்டு போனார். அதே கரிசல் மண்ணில்தான் எதிர்வீட்டு சைதுன் பீவியின் மாடி வீடும் நின்றது, அது அசையவில்லை. தெரு ஜனங்கள் நாலு நாள் அதிசயப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். மகளிர் குழுவில் லோன் கொடுக்க வந்த பெண் சம்பளச் சீட்டுக் கேட்கவில்லை, குனிந்து படியைப் பார்த்துக்கொண்டாள். கைமாற்றாகப் பணம் வாங்கி உள்ளே வைத்தால் வீடு ஏறுமா என்று ஸ்டீபன் ஒருமுறை சோதித்தும் பார்த்தான். ஏறவில்லை. கடன் எது, சம்பாத்தியம் எது என்று அந்த வீட்டுக்கு மனிதர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இதில் பயப்பட ஒரே ஒரு விஷயம் இருந்தது. மேட்டுத் தெரு என்று பெயரே தவிர, ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் முழுக்க அந்தத் தெரு வழியாகத்தான் போகும். எவ்வளவு பெய்தாலும் ஒரு படி உயரத்துக்கு மேல் வந்ததில்லை. ஆகவே நான்கு படியில் மூன்று புதைந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். நான்காவதில் ஒரு நூல் புதைந்தாலும் தண்ணீர் நடுவீட்டுக்கு வந்துவிடும். ஒரு படிக்கு எட்டு விரல், மூன்று படிக்கு இருபத்துநான்கு. குடும்பத்தின் மொத்த ஆயுள் இருபத்துநாலாயிரம் ரூபாய் என்று இன்பராணி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கணக்கு என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாற்பது பக்க நோட்டில் கறிவேப்பிலைக்குக் கொடுத்த இரண்டு ரூபாய் வரைக்கும் எழுதுவாள். ஸ்டீபன் விசைத்தறிப் பட்டறையில் தறி ரிப்பேர் பார்த்துக் கொண்டுவரும் பதினெட்டாயிரமும், அவளுடைய ஏழாயிரத்து ஐந்நூறும் முதல் பக்கத்தில் வரும். மாதக் கடைசியில் நோட்டில் கூட்டிக் கழித்து, ஷெரினின் ஸ்கேலை எடுத்துப் போய்ப் படியில் வைத்துப் பார்ப்பாள். ஒன்றரை வருடமாக நோட்டும் படியும் ஒரு முறைகூட முரண்டியதில்லை. மொத்தத்தில் நான்கு விரல் இறங்கியிருந்தது. இன்னும் இருபது விரல் கையிலிருந்தது.

முரண்டியது 2025 ஜனவரியில். நோட்டில் வரவும் செலவும் சரிக்குச் சரி. வீடு இரண்டு விரலும் கொஞ்சமும் இறங்கிவிட்டது. ஸ்கேல் பிசகு என்று தையல் டேப்பை வைத்துப் பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது. பிப்ரவரியில் மறுபடி அதே இரண்டும் கொஞ்சமும். மார்ச்சில் ஒரு படி முழுதும் போய், இரண்டாவதிலும் தொடங்கிவிட்டது. இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் மாதாமாதம் எங்கேயோ போகிறது, நோட்டுக்குத் தெரியவில்லை, வீட்டுக்குத் தெரிகிறது.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. அரிசிக் கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறாரோ என்று இன்பராணி மூட்டையை வேறு கடையில் நிறுத்துப் பார்த்தாள். ஸ்டீபன் குளிக்கப் போனதும் சட்டைப் பையைத் துழாவினாள். குடிக்கிற மனிதனில்லை. வேறு எங்கேயாவது குடும்பம் நடத்துகிறானோ என்ற நினைப்பு, மருந்துக் கடையில் நின்றபோது அவளுக்கு வந்தது. அன்றைக்கு நான்கு பில் தப்பாகப் போட்டாள். கேட்டால், “நீதானே ராணி கணக்கு எழுதுற, எனக்கென்ன தெரியும்” என்பான். அப்படிச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பான்.

மார்ச் கடைசியில் அவள் ஷெரின் மேல் பாய்ந்தாள். பதினொன்றாவது படிக்கிற பெண்ணுக்குத் தினம் பத்து ரூபாய் கொடுப்பது உண்டு. “போன்ல எதுக்காச்சும் காசு கட்டுறியா? உண்மையச் சொல்லிரு” என்று கேட்டாள். ஷெரின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து தாயின் முன்னால் கவிழ்த்துக் காட்டிவிட்டு, விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே வைத்துக்கொண்டு போனாள். கேட்டிருக்கக் கூடாது என்று இன்பராணிக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் கேட்டதைத் திருப்பி எடுக்க நோட்டில் இடமில்லை.

ஆகஸ்ட் முடிந்தபோது, மூன்றாவது படி முழுதும் புதையும் அந்தப் பயப்படும் இடத்துக்கு மேலே இரண்டு விரலும் கொஞ்சமும்தான் பாக்கி. முன்பு தெருவில் போகிறவர்களின் தலை மட்டும் தெரிந்த ஜன்னலில் இப்போது இடுப்பு வரைக்கும் தெரிந்தது. செப்டம்பரில் மட்டும் என்னவோ வீடு இறங்கவில்லை. இன்பராணி கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள், காரணம் கேட்கவில்லை.

காரணம் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. திருச்சுழிக்குத் தெற்கே ஸ்டீபனின் சொந்த ஊரில், அவன் அண்ணன் ஜான்ராஜ் பேரனுக்கு ஞானஸ்நானம். மூவரும் பஸ்ஸில் போனார்கள். ஆராதனை முடிந்ததும், அந்தச் சபையின் வழக்கப்படி, அறுப்பின் பண்டிகை ஏலப் பாக்கியை வாசித்தார்கள். ஜனவரியில் நடக்கும் அந்தப் பண்டிகையில், காணிக்கையாக வந்த கோழி, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஆண்டவருக்குக் கொடுப்பது என்பதால் ஐந்து ரூபாய்ப் பழம் ஐந்நூறுக்குப் போகும். கேட்டவர்கள் அக்டோபருக்குள் பத்துத் தவணையில் கட்டலாம். தவணை தவறினால் பெயர் வாசிக்கப்படும். உபதேசியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்: “ஸ்டீபன். பூசணிக்காய் ஒண்ணு. இருபத்திரெண்டாயிரம். எட்டுத் தவணை வந்துருச்சு. செப்டம்பர் பாக்கி.”

கோயிலுக்குள் யாரும் இன்பராணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் அது எல்லோருக்கும் ஒன்பது மாதமாகத் தெரிந்த விஷயம். ஷெரினுக்குக் காய்ச்சல் என்று ஜனவரியில் அவள் வராமல் இருந்துவிட்டாள், அதனால் அவளுக்கு மட்டும் தெரியாது. அவமானம் ஒரு பக்கம், வேறு குடும்பம் இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். இரண்டில் எதற்கு அழுவதென்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் ஸ்டீபன் எல்லாவற்றையும் சொன்னான். ஏலத்தில் ஆள் ஆளாய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்தபோது, ஜான்ராஜ் சபை முழுக்கக் கேட்கச் சிரித்தபடி சொன்னாராம், தம்பியைக் கூப்பிடாதீங்க, அவன் வீடே மண்ணுக்குள்ள போய்க்கிட்டு இருக்கு என்று. ஸ்டீபன் கையைத் தூக்கிவிட்டான். அண்ணனும் தூக்கினார். ஆயிரத்தில் தொடங்கியது இருபத்திரண்டாயிரத்தில்தான் நின்றது. பட்டறை முதலாளியிடம் மாதாமாதம் அட்வான்ஸ் வாங்கிக் கட்டினான். செப்டம்பரில் முதலாளி கையை விரித்துவிட்டார்.

“வீடு இறங்குதுன்னு சொன்னதுக்கா, வீட்ட இறக்குனீங்க?” என்றாள் இன்பராணி.

“கோவத்துல கை போயிருச்சு.”

“கை போனது சரி. நோட்டுல எழுதியிருக்கலாம்ல?”

“சாமிக்குக் குடுக்குறத கணக்குல எழுதக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாக.”

“நான் புள்ளையச் சந்தேகப்பட்டேனே” என்று அவள் சொன்னாள். எட்டு மாதம் மறைத்து வைத்திருந்த ஸ்டீபன், அன்றைக்குத்தான் முதன்முறையாக அதற்காகத் தலை குனிந்தான்.

பாக்கி நாலாயிரத்து நானூறு. கட்டினால் வீடு நாலரை விரல் இறங்கும். இருப்பதோ இரண்டரை விரல்கூட இல்லை. கட்டாவிட்டால் பெயர் மறுபடி வாசிக்கப்படும், ஜான்ராஜ் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இன்பராணி கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள். சபையில் சொன்ன சொல், கட்டிவிடுவோம் என்றாள். பிறகு, “அந்தக் காய் எங்க?” என்று கேட்டாள்.

காய் கோயிலின் பின்னறையில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்து ஸ்டீபன் அங்கேயே விட்டிருந்தான். கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் வெள்ளைத்தாய்தான் உருட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பது மாதமாகியும் காம்பு பச்சையாக இருந்தது, அதில் ஒரு இலையும் வாடாமல் நின்றது. “அப்பப்ப பூவும் விடுதும்மா, நான் பறிச்சுப் பொரியல் பண்ணிக்கிட்டேன்” என்று வெள்ளைத்தாய் ஒப்புக்கொண்டாள். பஸ்ஸில் லக்கேஜுக்குக் கண்டக்டர் இருபது ரூபாய் கேட்டார். இன்பராணி பதினைந்து கிலோக் காயையும் மடியில் வைத்துக்கொண்டே அருப்புக்கோட்டை வரை வந்தாள்.

அந்த மாதம் அந்த வீட்டில் வேறு காய் வாங்கவில்லை. காலையில் பூசணிக்காய்ச் சாம்பார், இரவில் பூசணிக்காய்க் கூட்டு. தோலில் துவையல், விதையில் வறுவல். ஞாயிற்றுக்கிழமைக் கறியும் நின்றது. இருபதாம் தேதி வாக்கில் ஸ்டீபன் தட்டைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினான். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னானா, வேறு ஏதாவது கேட்டானா என்பது தெரியாது. காயில் ஆயிரத்து நூறு, கறியில் தொள்ளாயிரம், ஆக இரண்டாயிரம் மிச்சம். மீதிக்குக் கைமாற்று வாங்கி இரண்டு தவணையும் கட்டியாயிற்று. பூசணிக்காய் என்று நோட்டில் ஸ்டீபனே கோணல் கையெழுத்தில் எழுதினான். இன்பராணி நான்கு முறை கூட்டினாள். நான்கு முறையும் நோட்டுக் கணக்கில் வீடு சரியாகப் பயப்படும் இடத்தில் வந்து நின்றது. ஒரு ரூபாய் மேலே இல்லை, ஒரு ரூபாய் கீழே இல்லை.

முப்பத்தோராம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நாலு மணிக்குத் தெரு நிறைந்துவிட்டது. ஐந்து மணிக்குத் தண்ணீர் ஒரு படி உயரம் ஏறி, அதற்கு மேல் ஏறாமல் ஓடியது. வீடு இன்னும் இறங்கவில்லை, விளக்குப் போடும் நேரம் வரவில்லை. மூவரும் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு வாசலருகே நின்றார்கள். தண்ணீரும் நிலைப்படியும் ஒரே மட்டமாக நின்றால், ஒரு சைக்கிள் போனால் போதும், அலை உள்ளே வந்துவிடும் என்று இன்பராணிக்குத் தெரியும். ஆறு மணிக்கு எதிர்வீட்டில் லைட் எரிந்தது. வீடு இறங்கத் தொடங்கியது. அவசரமில்லாமல் இறங்கியது. ஸ்டீபன் இரண்டு கையையும் சுவரில் வைத்துத் தாங்கிப் பிடிப்பதுபோல நின்றான். ஒரு விரல். இரண்டு விரல். இன்னும் கொஞ்சம். பிறகு நின்றது.

“ராணி, உள்ள வந்துருச்சா?” என்று சைதுன் பீவி மாடியிலிருந்து கேட்டாள்.

“வரலக்கா.”

தண்ணீர் நிலைப்படிக்குக் கால் விரல் கீழே ஓடிக்கொண்டிருந்தது. இன்பராணி ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். நோட்டு தப்பு. இந்த முறை நல்ல பக்கமாகத் தப்பு. எங்கே விட்டோம் என்று அவள் நோட்டைப் புரட்டத் தொடங்கியதும், “கடைசிப் பக்கங்களப் பாரும்மா” என்றாள் ஷெரின். அங்கே பென்சிலால் பொடி எழுத்தில், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வரிசையாக எழுதியிருந்தது. ரீஃபில் ஐந்து. ஜெராக்ஸ் மூன்று. கண்டக்டர் தராமல் விட்ட சில்லறை ஒன்று. அதற்குக் கீழே பள்ளிக்கூடம் இருந்த நாளெல்லாம் ஒரே வரி: தேன்மிட்டாய் வாங்கவில்லை, மிச்சம் இரண்டு. ஜாமெட்ரி பாக்ஸில் இருநூற்று நாற்பது ரூபாய் சில்லறையாக இருந்தது.

இன்பராணி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஷெரின் தாயின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். ஸ்டீபன் சுவரிலிருந்து கையை எடுக்காமல் நின்றிருந்தான், இனி எடுக்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்தது. இன்பராணி இருபது ரூபாயைக் கொடுத்து, முழுக்கத் தேன்மிட்டாய் வாங்கிவரச் சொன்னாள். ஷெரின் படியைப் பார்த்துத் தயங்கினாள்.

“வீடு இறங்கிரும்மா.”

“இறங்கட்டும்டி” என்றாள் இன்பராணி. “எழுதிக்கிருவோம்.”

ஷெரின் வாங்கிவந்தாள். மூவரும் மிஞ்சியிருந்த அந்த ஒரு படியில் சகதியில் கால் வைத்து உட்கார்ந்து தின்றார்கள். ஸ்டீபன் விரலை நக்கிக்கொண்டே நவம்பர் பக்கத்தைத் திறந்து, தேன்மிட்டாய் இருபது என்று முதல் வரியில் எழுதினான்.