சாவி இருந்தும் தட்டுகிறவர்

என் நாத்தனார் கதை எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும். வெகுநாள்வரை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படி என்று அவளும் வற்புறுத்தியதில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்தால் கவுண்ட்டருக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு எழுதுவாள். நான் பல் செட் செய்யும் லேபில் இருக்கிறேன். என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், இறந்த பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் சமைத்தால் நான் பாத்திரம் தேய்ப்பேன். பேச்சு அளவோடுதான்.

அவள் எழுதுவது முழுக்கச் சொந்தக் கதையும் இல்லை. பழைய நாவல்களில் குடைக்காரர் என்று ஒரு துப்பறியும் ஆள் வருவார். வெயிலிலும் குடை, பழுப்புக் கோட்டு, கொலைகாரன் யாரென்று தெரியும்வரை எந்த நாற்காலியிலும் உட்கார மாட்டார். அவரை எழுதியவர் காலமாகிவிட்டார். வாசகர்கள் விடவில்லை. இணையத்தில் ஒரு தளம் தொடங்கி, ஆளாளுக்குப் புதுப் புது வழக்குகளை அவர் தலையில் கட்டினார்கள். என் நாத்தனார் மட்டும் நாற்பது கதை. காலணா வரும்படி கிடையாது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை என்று கேலி செய்வேன்.

"பிள்ளையார் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலையே அண்ணி" என்பாள்.

பிள்ளையார் சொல்லவில்லை, கடைக்காரர் சொன்னார். நாவல்களின் காப்புரிமையை ஒரு படக் கம்பெனி வாங்கி, குடைக்காரரை வைத்து ஒரு தொடர் எடுத்து முடித்திருந்தது. அதை வெளியிடுவதற்கு முன் தளத்தில் எழுதிய எல்லோருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. கதைகளை நீக்க வேண்டும், இனி எழுதக் கூடாது, கீழே கண்ட அம்சங்கள் யாவும் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் நஷ்ட ஈட்டு வழக்கு.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் அதை வாசித்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். குடை, கோட்டு, உட்காராமை என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆறாவதாக இது வந்தது: கையில் சாவி இருந்தும், தன் வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத் திறக்கும் பழக்கம்.

கத்தியைக் கீழே வைத்தேன். "அது உங்க அண்ணன்ல?"

"ஆமா அண்ணி. நாவல்ல குடைக்காரர் வீட்டுக்குப் போறதே கிடையாது. எனக்குப் பாவமா இருந்துச்சு, ஒரு வீடு கொடுத்தேன். வீடுன்னா கதவு வேணும். கதவுன்னதும் அண்ணன் வந்துட்டாரு."

என் கணவர் அப்படித்தான். வலது கையில் சாவி தயாராக இருக்கும். இடது கை நடுவிரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் திறப்பார். அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிது, அதில் நானும் ஒரு செருப்பும் சம்பந்தப்பட்டிருக்கிறோம். அதற்கு மேல் சொல்வதற்கில்லை. நாத்தனாருக்குத் தட்டுவதுதான் தெரியும், காரணம் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. கம்பெனி மேல் இல்லை, இவள் மேல்.

"ஊருக்கே தூக்கிக் கொடுத்திருக்கியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"எனக்கு அவரு அண்ணன் இல்லையா? நீங்களும் கம்பெனி மாதிரியே பேசுறீங்க."

உண்மையைச் சொன்னால், கோபத்துக்கு அடியில் பொறாமைதான் இருந்தது. அவர் போன பிறகு அந்தச் சத்தத்தை நினைக்காமல் இருக்க நான் பாடுபட்டுப் பழகியிருந்தேன். இவளோ நாற்பது கதையிலும் அவரைத் தட்டவைத்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் லேபில், மெழுகு ஆறும் நேரத்தில், போனில் அவற்றைப் படித்தேன். கொலைகள் எல்லாம் சுமார். கதவுக்கு முன்னால் நிற்கிற இடம் மட்டும் அப்படியே அவர்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். அவர் நோட்டீசை இரண்டு தடவை படித்தார்.

"கதாபாத்திரம் அவங்களுது. நீங்க அதுக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்கீங்க. துணி உங்களுதுதான். ஆனா கேக்காம போட்டுட்டீங்க. கோர்ட்டுக்குப் போனா முதல்ல கூண்டுல ஏறப்போறது நீங்க."

"அப்ப என் சட்டையை அவங்க எடுத்துக்கலாமா?"

"கூடாதுதான். அது நாவல்ல இல்லைன்னு காட்டினா, பேசிப் பார்க்கலாம்."

நாத்தனார் முகம் செத்துப்போனது. பிறகுதான் சமாச்சாரம் வெளியே வந்தது. ரசிகர்கள் சட்டத்தைவிடக் கறாரான ஜனங்கள். நாவலில் இல்லாத ஒரு பொத்தானைக் கோட்டில் வைத்து எழுதினாலும் பிய்த்தெடுத்துவிடுவார்களாம். குடைக்காரர் ஏன் கதவு தட்டுகிறார் என்று தளத்தில் பெரிய சண்டை கிளம்பியிருக்கிறது. வாயை அடைக்க இவள், 'ஒன்பதாவது நாவல், மூன்றாம் அத்தியாயம் பார்க்க' என்று போட்டுவிட்டாள். ஒன்பதாவது நாவல் மறுபதிப்பு காணாதது, யாரிடமும் இல்லை. இவளிடம் மட்டும் ஒரு பிரதி இருந்தது. எல்லோரும் நம்பினார்கள். யாரோ குடைக்காரரின் குணநலன் பக்கத்தில் அதைச் சேர்த்தும் விட்டார்கள். தொடர் எழுதியவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

"பொய்னு இப்ப சொன்னா?" என்று கேட்டாள்.

"அன்னிக்குப் பொய் சொன்னவங்க இன்னிக்கு மட்டும் நிஜம் சொல்றாங்களான்னு கேப்பாங்க. பேசாம கையெழுத்து போட்டுடறது நல்லது. கேஸுன்னு போனா உங்க சம்பளத்துக்குத் தாங்காது."

"மத்தது எல்லாத்துக்கும் போடறேன் மேடம். கதைங்க போனா போகட்டும். அண்ணன் கதவு தட்டினது அவங்க சொத்துன்னு மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டேன்."

அவளுடைய சொத்து என்று பார்த்தால் ஒரு சைக்கிளும் மாதச் சம்பளமும்தான். அதை வைத்துக்கொண்டுதான் இந்த வீராப்பு. பைத்தியக்காரி என்று நினைத்தேன். ஆனாலும் போட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வக்கீலம்மாவோடு கம்பெனி வக்கீலைப் பார்க்கப் போனோம். மரியாதையான மனிதர். எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மேல்வரிசை முன்பல் ஒன்று கட்டின பல், நல்ல வேலைப்பாடு. கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தினார். மூன்றாம் அத்தியாயம் பார்க்க என்று நாத்தனார் தளத்தில் எழுதியதன் அச்சுப் பிரதி.

"நாவல்ல இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா."

"அந்த நாவல் உங்க கம்பெனில இருக்கா சார்?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"இருக்கும்."

இருக்கிறது என்று சொல்லவில்லை, இருக்கும் என்றார். நாத்தனார் கைப்பையைத் திறந்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். "நான் எழுதினது பொய் சார். இதுல பாருங்க."

அவர் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தார். அது முழுக்க ஒரு படகில் நடக்கிறது. படகில் கதவே இல்லை. பிறகு புத்தகத்தின் கடைசிவரை புரட்டினார். வாங்கின உரிமைக்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கம்பெனியில் முதன்முதலாகப் பார்த்தவர் அவராகத்தான் இருக்கும். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.

"ஆறாவதை அடிச்சுடறோம். ஆனா அது உங்களுதுன்னு நீங்களும் எங்கயும் கேக்கக் கூடாது. தொடர் எடுத்து முடிச்சாச்சு. எல்லா எபிசோட்லயும் தட்டுறாரு."

"அப்ப அது யாருது?" என்று நான் கேட்டேன்.

"இனிமே யாருதும் இல்லம்மா" என்றார் அவர். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார். பிறகு நாத்தனாரிடம், "இந்தப் புத்தகத்தை ஒரு வாரம் கொடுக்க முடியுமா? எங்ககிட்ட காப்பி இல்ல போலிருக்கு" என்றார்.

"காப்புரிமைதான் சார் உங்களுது. புத்தகம் என்னுது."

பையில் போட்டுக்கொண்டு, அடித்த வரியை விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலமே கதைகளை நீக்கினாள். ஒவ்வொன்றுக்கும் 'உறுதியாகவா' என்று தளம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று அழுத்தினாள். அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கதையை அழுத்தும்போது மட்டும், "வீட்டைக் காலி பண்ற மாதிரி இருக்கு அண்ணி" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஜெயித்தோமா தோற்றோமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

தொடர் வெளியானது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பார்க்கப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான் முதல் ஆளாக டிவியைப் போட்டாள். நடிக்கிற ஆளைக் குறை சொல்வதற்காவது பார்க்க வேண்டுமாம். குடை பிடிக்கத் தெரியவில்லை, கோட்டுக்குக் கலர் சரியில்லை என்று அவள் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தட்டு கேட்டது. நடுவிரல் சத்தம்.

மடித்த துண்டைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்துபோனேன். தாழ்ப்பாளில் கை வைத்த பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணி, டிவில."

"தெரியும்" என்றேன்.

அவள் டிவியை நிறுத்தினாள். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். இந்தச் சத்தத்தை அவள் எவ்வளவு சரியாக எழுதியிருந்தால், முன்பின் தெரியாத ஒருவன் இவ்வளவு சரியாகத் தட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவள்மேல் இருந்த கோபம் அப்போதுதான் போனது.

"அண்ணன் ஏன் அண்ணி அப்படித் தட்டுவாரு? எழுதும்போதெல்லாம் யோசிப்பேன். ஒண்ணும் சரியா வராது."

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவளும் சிரித்திருப்பாள்.

"அது என்னுது" என்றேன்.

"சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு, நான் விட்டுவந்த துணிகளை மடிக்கப் போனாள்.

தாழ்ப்பாள்வரை வந்தாகிவிட்டது. சும்மா திரும்ப மனம் வரவில்லை. கதவைத் திறந்து, வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, மூடினேன்.