மூன்று பேரும் சரி என்றால்

நியூயார்க்கில் வாடகைக்கு வீடு தேடுகிறவனுக்கு யோசிக்கிற பாக்கியம் கிடையாது. வீட்டைப் பார்த்த இடத்திலேயே சரியா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும். ஒரு காபி குடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றால் போச்சு, பின்னால் நிற்கிறவன் முன்பணத்தை நீட்டிவிடுவான். ததேயோ, வெண்டல் என்ற இரண்டு சிநேகிதர்களோடு ஒன்பது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டிய கிளைவுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? ஆனால் இந்தத் தடவை அவன் வீடு பார்க்கப் போகவில்லை, மற்ற இரண்டு பேரும்தான் போயிருந்தார்கள். மருத்துவமனைக் கட்டிலில் கைபேசியை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, அது எப்போது அடிக்கும் என்று காத்துக் கிடந்தான்.

நாடக அரங்குகளில் மேலே ஏறி விளக்குக் கட்டுவது அவன் வேலை. மார்ச் மாதம் ஏணி சறுக்கி விழுந்தான். உயிர் தப்பியது, கால்கள் தப்பவில்லை. இனிமேல் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கெட்ட நேரம் தனியாகவா வரும்? அடுத்த மாதமே அவர்கள் மூவரும் குடியிருந்த அஸ்டோரியா பகுதிக் கட்டடத்தை யாரோ வாங்கினார்கள். வாங்கினவர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றார். ஜூன் முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும்.

காலையில் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் பெட்ராக்கிஸ் அம்மா வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷி. ஆனால் நல்ல மனுஷியாக இருந்தால் மட்டும் சட்டம் வளைந்து கொடுக்குமா?

"கிளைவ், திங்கக்கிழமை உங்கள டிஸ்சார்ஜ் பண்றாங்க. படி இல்லாத வீடு, இல்லன்னா லிஃப்ட் இருக்கிற வீடு. ஒரு முகவரி எனக்கு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"இல்லன்னா?"

"மாநிலத்தோட வட கோடியில ஒரு பராமரிப்பு இல்லத்துல படுக்கை காலியா இருக்கு. எல்லாரும் வயசானவங்க. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? அங்க போனவங்க திரும்பி வந்து நான் அதிகமாப் பாத்ததில்ல."

கிளைவுக்கு வயது முப்பத்தாறு. அந்த அம்மா போன பிறகு போர்வையை வாயில் கடித்துக்கொண்டு அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நம்ம பசங்க இருக்கும்போது என்ன பயம் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூவருக்குள்ளும் ஒரு சட்டம் உண்டு. ஆரம்பத்தில் வெண்டல் பிடிவாதம் பிடித்து இரண்டு பேரையும் ஒரு நிலவறை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். முதல் மழைக்கே சாக்கடை உள்ளே வந்து மெத்தையெல்லாம் மிதந்தது. அன்றைக்குப் போட்ட சட்டம் இது: எந்த வீடாக இருந்தாலும் மூன்று பேரும் வாயைத் திறந்து சரி என்று சொல்ல வேண்டும். ஒருத்தன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன் என்று கேட்கக்கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. இந்த உரிமையை அதிகமாகப் பயன்படுத்தினவன் கிளைவ்தான். குளியலறையில் ஜன்னல் இல்லை, படுக்கை அறையில் பக்கத்து உணவகத்தின் எண்ணெய் வாசனை என்று எத்தனையோ வீட்டைத் தட்டிக் கழித்திருக்கிறான். மற்ற இரண்டு பேரும் திட்டிக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நடந்திருக்கிறார்கள்.

மூன்று மணிவாக்கில் கைபேசி அடித்தது. திரையில் ததேயோவின் உருண்டை முகம். வியர்வையில் குளித்திருந்தான்.

"டேய் கிளைவ்! வீடுன்னா இது வீடுடா! பாரு, பாரு."

படம் சுழன்றது. மர வேலைப்பாடு வைத்த தரை. வெயில் விழுகிற சமையலறை. மூன்று அறைகள், மூன்றிலும் கட்டில் போட்டபிறகும் மனுஷன் நிற்க இடம் இருக்கும் போலிருந்தது. குழாயைத் திறந்து காட்டினான். அலமாரிக்குள் தலையை விட்டுக் காட்டினான். கிளைவ் தன்னை மறந்து சிரித்துவிட்டான். வெயில் படுகிற அறையைப் பார்த்ததும் நாற்காலியை எங்கே நிறுத்தலாம் என்றுகூட அவன் மனசு கணக்குப் போட்டது.

"வாசல்ல இருந்து காட்டுடா. நான் உள்ள வர்ற வழியப் பாக்கணும்."

ததேயோ கைபேசியை வாசல் பக்கம் திருப்பவில்லை. மூச்சுதான் வாங்கினான். இவ்வளவு நேரம் ஆகியும் அவனுக்கு ஏன் மூச்சு இரைக்கிறது?

"எத்தனாவது மாடிடா?"

கைபேசி கை மாறியது. வெண்டல். மெலிந்த முகம், சவரம் செய்யாத தாடை. எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவன்.

"நாலு. லிஃப்ட் கிடையாது."

கிளைவ் போர்வைக்குள் கிடந்த தன் கால்களைப் பார்த்தான்.

"நாங்க பாக்காத இடம் இல்லடா," என்றான் வெண்டல். "லிஃப்ட் இருக்கிற கட்டடத்துல எல்லாம் வருஷ வருமானம் மாச வாடகையப் போல நாப்பது மடங்கு காட்டணும்ங்கிறான். உன் சம்பளமும் சேந்தா எட்டும். இப்ப எட்டல. இந்த வீட்டுக்காரர் ஒருத்தர்தான் ரெண்டு பேர் சம்பளம் போதும்னாரு. படி முழுக்க ஆளுங்க நிக்கிறாங்க. தரகர் பத்து நிமிஷம் குடுத்திருக்காரு."

"நாங்க தூக்கிட்டுப் போவோம்டா," ததேயோ குறுக்கே முகத்தை நுழைத்தான். "பேக்கரியில மாவு மூட்டையே தூக்குறவன் நான். நீ எனக்கு ஒரு கணக்கா?"

"தினமுமா? ஒவ்வொரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கும் வர்றதுக்குமா?"

ததேயோவின் முகம் திரையிலிருந்து விலகியது.

"நம்ம சட்டம் மாறல," என்றான் வெண்டல். "உனக்கு வேண்டாம்னா வேண்டாம். காரணம் கேக்க மாட்டோம். சொல்லு."

வேண்டாம் என்று கத்தத்தான் கிளைவுக்கு ஆசை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன ரோஷம் குறுக்கே விழுந்தது. இவர்களிடம் பிச்சை கேட்பதா? நாம் பெருந்தன்மையாகச் சரி என்று சொல்லுவோம், அவர்களே வேண்டாம் என்று சொல்லட்டும் என்று நினைத்தான். வெண்டல் கல் மனசுக்காரன், அவன் சொல்லாவிட்டாலும் போகட்டும். ததேயோ சொல்லுவான். விபத்து நடந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகாமல் மருத்துவமனை வராண்டா பெஞ்சிலேயே தூங்கினவன் அவன். அவன் விட மாட்டான். ஒரே ஒருத்தன் சொன்னால் போதுமே.

"எனக்குச் சரி," என்றான் கிளைவ்.

ததேயோ கண்ணை மூடினான், திறந்தான்.

"சரி," என்றான் ததேயோ.

"சரி," என்றான் வெண்டல்.

அவ்வளவுதான். "அப்புறம் கூப்பிடுறேன்டா" என்று சொல்லி ததேயோ அவசரமாகக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான். பாவி, இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டான். தரகரிடம் சரி என்று சொல்லிவிட்டு இருவரும் இறங்கினார்கள். பைக்கு மேலே எட்டிப் பார்த்த கேமரா வழியாகக் கிளைவ் அந்தப் படிக்கட்டைப் பார்த்தான். குறுகலான, செங்குத்தான படிகள். திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற முகங்கள், இவர்களைப் பார்த்ததும் தொங்கிப்போயின. தெருவுக்கு வந்ததும் ததேயோ கூவினான்.

"கிடைச்சிடுச்சுடா! டேய் வெண்டல், கிடைச்சிடுச்சுடா!"

வெண்டல் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். கிளைவ் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவர்கள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தன் அம்மாவுக்குச் சொல்லலாம் என்று ததேயோ கைபேசியை எடுத்தான். திரையில் கிளைவ் இருந்தான்.

"டேய்... நீ இன்னும் இருக்கியா?"

"இருக்கேன்."

"எப்ப இருந்து?"

"மேல இருந்து. படியெல்லாம் பாத்தேன்டா."

ததேயோ அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். பெரிய உடம்பு குலுங்கியது. கிளைவுக்கு இனி ரோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நான் பொய் சொல்லிட்டேன்டா," என்றான். "நான் சரின்னா நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். உங்க கூடத்தான்டா வரணும் எனக்கு. வேற போக்கிடம் ஏது?"

வெண்டல் குனிந்து கைபேசியை வாங்கினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"இன்னும் கையெழுத்துப் போடல. தரகர் ஆபீஸ் ரெண்டு கடை தள்ளித்தான் இருக்கு. மாத்திச் சொல்லு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், திரும்பி நடந்திடுவோம். சத்தியமா."

சொன்னபடி செய்வார்கள். அதில் கிளைவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திரையில் தெரிந்த இரண்டு முகத்தையும் அவன் உற்றுப் பார்த்தான். இரண்டும் பயந்து போயிருந்தன. எங்கே அந்த வார்த்தையை இவன் சொல்லிவிடுவானோ என்ற பயம். மறைக்கத்தான் பார்த்தார்கள், முடியவில்லை, பாவம்.

"போங்கடா," என்றான். "போய்க் கையெழுத்தப் போடுங்க. எவனாவது முந்திக்கப் போறான்."

அவனே இணைப்பைத் துண்டித்தான். பிறகு மணியை அழுத்தினான். பெட்ராக்கிஸ் அம்மா வந்தார்.

"வீடு கிடைச்சுதா?"

"அவங்களுக்குக் கிடைச்சுது. என்னை நீங்க சொன்ன அந்த இல்லத்துக்கே அனுப்பிடுங்க."

அவர் அவன் தோளில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"நெருங்கினவங்க யாராவது ரெண்டு பேர் சொல்லுங்க. அவசரம்னா தகவல் சொல்றதுக்கு."

கிளைவ் இரண்டு பெயரையும் சொன்னான்.

"முகவரி?"

கிளைவ் வாயைத் திறந்தான். சமையலறை வெயில், குழாயில் கொட்டின தண்ணீர், வளைந்து வளைந்து இறங்கின படிகள் எல்லாம் அவன் கண்முன்னே நின்றன. அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

"தெரியலம்மா," என்றான். "கேக்காம விட்டுட்டேன்."